இரண்டு கிலோ இருநூறு கிராம்

சந்தேகப்படுவதற்கென்றே ரத்தினவேலுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. டெல்லியில் ஓர் அமைச்சகத்தின் விஜிலன்ஸ் பிரிவில், ஜன்னல் திறக்காத மூன்றாம் மாடி அறையில், பதினாறு வருஷமாக அந்த வேலையை அவர் மனப்பூர்வமாகச் செய்துவந்தார். குடும்பத்தோடு கன்னியாகுமரி போய்வந்தோம் என்று எழுதிக்கொடுத்து அரசாங்கச் சலுகையை வாங்கிக்கொண்டு, கரோல் பாக் வீட்டுக்குள்ளேயே பத்து நாள் படுத்துக் கிடந்த ஆசாமிகளைப் பிடித்தது அவர்தான். கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, "அங்கே கடற்கரை மணல் என்ன நிறம்?" என்று மட்டும் கேட்பார். திருநெல்வேலிச் சீமைக்காரரிடம் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லித் தப்ப முடியுமா?

அடித்தல் திருத்தல் உள்ள பைலை அவர் நம்புவார். அது அவசரத்தில், மறதியில், மனிதன் எழுதியது. ஒரு கோணலும் இல்லாமல் சுத்தமாக இருக்கிற பைலைக் கண்டால்தான் அவருக்கு மூக்கு வேர்க்கும். "ஓய், இது உட்கார்ந்து யோசிச்சு எழுதினது" என்பார், பக்கத்து மேஜை வேதாந்தத்திடம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆபீசில் செலவாகாத சந்தேகத்தை அவர் வீணாக்குவதில்லை. பத்திரமாக லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துவந்துவிடுவார். அங்கே அதற்கு நிறைய வேலை இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு, 1981 நவம்பரில், மூத்த மகள் இந்திராணிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருந்தார்கள். அவளுடையவை இரண்டும் சுருங்கிப்போயிருந்தன. கொடுத்தவள் தாய், தங்கம். முதலில் ரத்தினவேல்தான் சட்டையைக் கழற்றிக்கொண்டு போனார். ரத்த வகை சேரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்டர்வியூவில் தோற்றவன் மாதிரி அவர் வராந்தாவில் நின்றார். அன்று அவர் மனசுக்குள் ஒரு தீர்மானம் எடுத்தார்: கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை, காவலாவது காப்போம்.

அந்தக் காவல் ஒரு நீள நோட்டாக உருவெடுத்தது. ஆபீஸிலிருந்து எடுத்துவந்த நோட்டு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விஜிலன்ஸ் கண்ணை மூடிக்கொண்டது. நாளுக்கு ஒரு வரி. எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாள், அளவு போட்ட பாட்டிலில் எவ்வளவு ஒன்றுக்குப் போனாள், காய்ச்சல் உண்டா, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசிக் கட்டத்தில் எடை. டாக்டரம்மா சொல்லியிருந்தார்: வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடம்பு எப்போது வேண்டுமானாலும் அன்னியன் என்று துரத்தப் பார்க்கும். துரத்த ஆரம்பித்தால் ஒன்றுக்குக் குறையும், உடம்பில் தண்ணீர் தங்கும், எடை ஏறும். உடனே ஓடிவர வேண்டும்.

ரத்தினவேல் ஓடத் தயாராகவே இருந்தார். பால் பூத்தில் பாலைச் சந்தேகித்தார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விருந்தாளிகள் டெட்டாலில் கை கழுவிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காரலாம் என்று சட்டம் போட்டார். சட்டம் வந்த இரண்டே வாரத்தில் விருந்தாளிகள் நின்றுபோனார்கள். ஆகஸ்டில் டாக்டரம்மா பெரிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியபோது, ஆஸ்பத்திரியில் ஸ்டாக் தீர்ந்துபோயிருக்கும் என்று சந்தேகித்தார்.

அவர் சந்தேகிக்காத பொருள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அது எடை பார்க்கும் மெஷின். யாரோ ஒரு தூதரகத்துக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது, கை மாறிக் கை மாறி வந்திருந்தது. வெள்ளை எனாமல், சுழலும் முள், அடியில் புரியாத பாஷையில் ஊர்ப்பெயர். ஃபாரின் சாமான். உள்ளூர்ப் பாலைச் சந்தேகிக்கலாம், உள்ளூர் டாக்டரைச் சந்தேகிக்கலாம். ஃபாரின் சாமானைச் சந்தேகிக்க அந்தக் காலனியில் யாருக்கும் மனசு வராது.

"ஏங்க, அது வெயிட்டு மிஷினா, சாமி விக்கிரகமா?" என்பாள் தங்கம். "தெனமும் துடைச்சு வச்சுக் கும்பிடுதிய."

"ஜெர்மன்காரன் செஞ்சதாக்கும். பொய் சொல்லாது."

"பொறந்த ஊரே தெரியல. அதுக்குள்ள ஜெர்மன்னு எப்படிக் கண்டிய?"



இந்திராணிக்கு வயது பன்னிரண்டு. பார்த்தால் எட்டு சொல்லலாம். வியாதிக் காலத்தில் அவள் வளர்வது நின்றுபோயிருந்தது. மாத்திரையில் முகம் மட்டும் உப்பி வட்டமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'லட்டு' என்று பெயர். தங்கை பொன்னிக்குப் பத்து வயது, அக்காளைவிட ஒரு சாண் உயரம். அந்த வீட்டில் தங்கைக்குச் சின்னதாகிப்போன பாவாடையை அக்காள் போட்டுக்கொண்டாள். உலகத்தில் துணி மேலிருந்து கீழே வரும். அங்கே அது கீழிருந்து மேலே போயிற்று.

வகுப்பு விஷயத்தில் இன்னொரு ஆபத்து காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் போன வருஷம் போய்விட்டதால் இந்திராணி ஆறாம் வகுப்பில் இரண்டாம் முறையாக உட்கார்ந்திருந்தாள். பொன்னி ஐந்தாவது. இந்த வருஷமும் வருகை குறைந்தால், வருகிற ஏப்ரலில் அக்காளும் தங்கையும் ஒரே பெஞ்சு. "நூத்துக்கு எழுபத்தஞ்சு நாள் வந்தாகணும். இன்னும் ஆறு நாள் போச்சுன்னா என் கையில இல்லை" என்று டீச்சர் வீராயி டிசம்பரிலேயே சொல்லிவிட்டாள். நல்ல டீச்சர்தான். ஆனால் ரிஜிஸ்டரில் கைவைக்க மாட்டாள். ரத்தினவேலுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் மரியாதை.

அந்த நாள்களைத் தின்றது வியாதியல்ல, ரத்தினவேல்தான். அக்டோபரில் ஒருநாள் முள் நானூறு கிராம் ஏறிவிட்டது. காலாண்டுப் பரீட்சைக்கு யூனிபாரம் போட்டு நின்ற பிள்ளையை அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான்கு நாள் வைத்திருந்து, கையில் இருந்த நரம்பெல்லாம் குத்தி, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்துப் பிளாக் குஞ்சம்மாள் மாமி வீட்டுக் கொலுவில் கொடுத்த சுண்டலை, உப்பு ஆகாத பிள்ளை மூன்று பொட்டலம் தின்றிருந்தாள். மேலே தண்ணீரும் குடித்திருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று மேற்கொண்டு ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை. நவம்பரில் முந்நூறு கிராமுக்கு ஒருதரம் ஓடினார். அது புது ஸ்வெட்டரின் எடை.

அதற்குப் பிறகு முள் அடங்கிவிட்டது. டிசம்பர் முழுக்க இருபத்துநாலு. ஜனவரி பிறந்தும் இருபத்துநாலு. நோட்டில் ஒரே எண் தூண் மாதிரி வரிசையாக இறங்கியது. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ரத்தினவேல் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவி ரசித்தார்.

ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்தவர் ஏதோ உற்சாகத்தில் தாமே மெஷின்மேல் ஏறி நின்றார். எழுபத்தொன்று இருக்க வேண்டிய ஆள், அறுபத்தொன்பதுக்கும் கீழே.

இறங்கி மறுபடி ஏறினார். அதேதான்.

"தங்கம்! ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேன் பாரு!"

"எங்க குறைஞ்சுது?" என்று தங்கம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மறுபடி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசில் அந்தச் செய்தி மூன்று மேஜைக்குப் பரவியது. சர்க்கரை இல்லாத டீ, பஸ்ஸுக்கு நிற்காமல் நடப்பது, மனக்கட்டுப்பாடு என்று ரத்தினவேல் விளக்கிக்கொண்டிருந்தார். வேதாந்தம் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் அவருடைய இடுப்பைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோவா ஓய்?"

"ரெண்டுக்கு மேலயே."

"பெல்ட்டுல எத்தனாவது ஓட்டை?"

ரத்தினவேல் குனிந்து பார்த்தார். கடைசி ஓட்டை. போன தீபாவளிக்கு ஆணியால் தாமே குத்திக்கொண்ட ஓட்டை. அதிலும் மூச்சை இழுத்துத்தான் மாட்டியிருந்தார்.

"எடை குறைஞ்சா வயிறு குறையணுமோன்னோ? உமக்கு எங்கே குறைஞ்சது, தலையிலயா?" என்றார் வேதாந்தம்.

மூன்று மேஜையும் சிரித்தது. ரத்தினவேலும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. தொந்தியைப்போல நேர்மையான சாட்சி கிடையாது. தொந்தி பொய் சொல்லவில்லை என்றால் மெஷின் சொல்லியிருக்கிறது. மெஷின் தமக்கு இரண்டு கிலோ குறைத்துச் சொன்னால், மற்றவர்களுக்கு?

இருபத்துநாலு, இருபத்துநாலு, இருபத்துநாலு. அடித்தல் இல்லாத பைல்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். வழியில் காலனி வாசலில் காய்கறி விற்கும் சப்ஜிவாலாவிடம் ஐந்து கிலோப் படிக்கல்லைக் கடன் கேட்டார்.

"எதற்கு பாபுஜி? என் கல்லிலா சந்தேகம்?" என்று அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"உன்மேல் இல்லை பையா. இன்றைக்கு உன்னை நம்பித்தான் கேட்கிறேன்."

அப்படி ஒரு சொல்லை ரத்தினவேல் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. கல்லைத் துடைத்துக் கொடுத்தான்.

குழந்தைகள் பள்ளியில் இருந்தார்கள். தங்கம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ரத்தினவேல் கதவைத் தாழிட்டுவிட்டு, ஐந்து கிலோக் கல்லை மெஷின்மேல் வைத்தார். முள் மூன்றை எட்டவில்லை. சப்ஜிவாலா எவ்வளவுதான் கள்ளக்கல் வைத்தாலும் ஐந்தில் இரண்டே கால் தின்பவன் இல்லை. மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முன்விளிம்புக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். அதை உருட்டினால் முள் தொடக்கத்திலிருந்து முன்னே பின்னே நகர்ந்தது. சக்கரத்தின் பற்களில் நீலக்கறை. பேனா மை.

வீட்டில் மைப்பேனாவில் எழுதுபவர்கள் மூன்று பேர். அவர் ஒருவர். அவர்மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை; அது ஒன்றுதான் மிச்சம்.

மூன்று மணிக்கு வந்த பொன்னியை முதலில் பிடித்தார். விசாரணையில் விளிம்பில் இருப்பவர்களிடம் தொடங்க வேண்டும் என்பது முறை.

"பொன்னிம்மா, இந்த மிஷினை யாரும் தொடுதாவளா?"

"கசம் சே, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

"நான் ஒண்ணுமே கேக்கலயே, அதுக்குள்ள எதுக்கு சத்தியம் பண்ணுதே?"

பொன்னி யோசித்தாள். "ஃபைவ் ஸ்டார் சாக்லேட் ஒண்ணு குடுத்தா சொல்லுதேன்."

சாக்லேட் வந்தது. தின்று முடித்து, காகிதத்தையும் நக்கிவிட்டு, "எலி" என்றாள் பொன்னி. "நான் பாத்தேன். பெரிய எலி." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லும் சாட்சியை அவர் பதினாறு வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறார். தம் ரத்தத்திலேயே பார்ப்பது இது முதல்முறை.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, எல்லோரும் எழுவதற்குமுன் சக்கரத்தைத் திருகி முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, மெஷின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக அவர் கக்கூஸிலிருந்து வரும்போது இந்திராணி மெஷின்மேல் ஏறித் தயாராக நிற்பாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொள்வார். இன்று அவள் அறையிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்ததும் நடை தடுமாறியது.

"அப்பா, நீங்க போகலையா?"

"இன்னைக்கு வரல. ஏறு."

"நீங்க போயிட்டு வாங்க. நான் அதுக்குள்ள—"

"ஏறுட்டி."

ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். முள் இருபத்துநாலைத் தாண்டியது, இருபத்தைந்தைத் தாண்டியது, ஆடி ஆடி நின்றது. இருபத்தாறு கிலோ இருநூறு.

 இரண்டு கிலோ இருநூறு கிராம். நானூறு கிராமுக்கே நான்கு நாள் ஆஸ்பத்திரி. இரண்டு கிலோ என்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் அல்லவா உள்ளே நிற்கிறது? ஒன்றரை மாதமாக உடம்பு அதைத் துரத்திக்கொண்டிருக்கிறது, நாம் தூண் மாதிரி எண்ணைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறோம். குனிந்து அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினார். தண்ணீர் தங்கினால் அங்கே குழி விழும் என்று சொல்லியிருந்தார்கள். குழி விழவில்லை. தம் விரலைச் சந்தேகித்து இன்னும் பலமாக அமுக்கினார்.

"வலிக்குப்பா!"

"எத்தனை நாளா இந்தக் கள்ளத்தனம்?"

அவள் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தாள்.

"சொல்லுட்டி! எத்தனை நாளா?"

"நவம்பர்லேருந்து." அவள் மெஷினைவிட்டு இறங்கவில்லை. "முள்ளு ஏறினா நீங்க கூட்டிட்டுப் போயிருவிய. ஆறு நாள்தாம்பா பாக்கி. இன்னைக்கு ஹிஸ்டரி டெஸ்ட் வேற இருக்கு. ஸ்கூல் விட்டதும் போவோம்பா, சச்சி, நெசமா நானே வாரேன்."

"தங்கம்! ஸ்வெட்டரை எடு. ஆட்டோவுக்குப் போறேன்."

தங்கம் காப்பி டபராவோடு வந்து நின்றாள். முள்ளைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. தொழில்முறைக் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"உனக்கும் தெரியும்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"தெனமும் காலையில அவ காலை அமுக்கிப் பாத்துட்டுத்தான் நான் அடுப்பே பத்த வைக்கேன். பாட்டில்ல ஒண்ணுக்கு அளக்கது யாரு? நீங்களா? நீங்க நான் சொன்னதை எழுதுதிய. ஒரு நாள் குறையல. பிள்ளை நல்லாச் சாப்பிடுதா, நல்லா ஓடுதா. இந்த முள்ளு ஒண்ணுக்காக அவளைக் கொண்டுபோய் குத்திக் குத்தி..." தங்கத்தின் கை அவளையறியாமல் இடது விலாவுக்குப் போனது. பதினான்கு மாதத் தழும்பு அங்கே இருந்தது. "ஏங்க, அந்தக் கிட்னிக்குச் சொந்தக்காரி நானு. நீங்க வாட்ச்மேன்."

 வாட்ச்மேன் என்றால் வாட்ச்மேன்தான். அரைமணி நேரத்தில் மூன்று பேரும் ஆட்டோவில் இருந்தார்கள். பொன்னி மட்டும் பள்ளிக்குப் போனாள். போகும்போது அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். வாங்கிய சாக்லேட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவசரம் என்று எழுதி ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். குளிரில் சில்லிட்டிருந்த பெஞ்சில் இந்திராணி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஹிஸ்டரி புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டாள். ஒரே பக்கம் திறந்திருந்தது. வெகுநேரம் அது புரளவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார் ரத்தினவேல். வீட்டில் போட்ட சத்தமெல்லாம் வடிந்திருந்தது.

"சொன்னா கூட்டிட்டு வருவிய. இப்பவும் கூட்டிட்டுத்தானே வந்திருக்கிய."

இந்திராணி புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, பொன்னியும்தான் வெயிட்டு போடுதா. அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரலையே. நான் ஒருவாட்டியாவது சும்மா வெயிட்டு போடக்கூடாதா?"

ரத்தினவேல் பலபேரை மடக்கிய கேள்விகளைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நோட்டைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார். இருபத்துநாலு, இருபத்துநாலு என்று இறங்கிய தூணைப் பார்த்தபோது, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நோட்டை என்ன செய்வது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. பின்னால் வரும் வெற்றுப் பக்கங்களைக் கண்ணில் படாமல் விரலால் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா மிஸஸ் கன்னாவுக்கு வட்டமுகம், வெள்ளைக் கோட்டுக்குள் கம்பளிச் சால்வை, வேகமான இந்தி. முதலில் இந்திராணியைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். கால், கண் இமை, ரத்த அழுத்தம். பிறகு நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். ரத்தினவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் கதையை ஒப்பித்தார். தம் தொந்தியின் பங்கையும் மறைக்கவில்லை. டாக்டர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

"ரத்தினவேல் ஜி, இந்த மாதிரி நோட்டு என்னிடம் வருகிற யாரும் எழுதுவதில்லை. எல்லாம் இருக்கிறது. இவளுடைய உயரம் எங்கே?"

"உயரமா?"

"உயரம்."

"நீங்கள் எழுதச் சொல்லவில்லையே, மேடம்" என்றார் ரத்தினவேல். இருபது வருஷ அரசாங்க உத்தியோகம் பேசியது.

டாக்டர், இந்திராணியைச் சுவரோரம் நிறுத்தினார். சுவரில் கோடு போட்ட மரச்சட்டம். தலைமேல் அட்டையை வைத்து எண்ணைப் பார்த்தார். ஆஸ்பத்திரி பைலைப் புரட்டினார். மறுபடி சட்டத்தைப் பார்த்தார்.

"ஜூனில் நூற்றுப்பதினெட்டு. இன்றைக்கு நூற்று இருபத்திரண்டு."



"எடை ஏறினால், தண்ணீர் தங்கியிருக்கலாம். இல்லாவிட்டால்," டாக்டர் பேனாவை மூடினார், "குழந்தை வளர்ந்திருக்கலாம்."

இந்த இரண்டாவது காரணத்தை ரத்தினவேல் விசாரித்ததே இல்லை. பதினாறு வருஷத்தில் எந்த பைலிலும், ஒரு விஷயத்துக்கு நல்ல காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

"மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியது எதற்கு என்று நினைத்தீர்கள்?"

ஸ்டாக் தீர்ந்துபோனதற்கு என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

தங்கம் குனிந்து மகளின் யூனிபாரம் பாவாடையின் கீழ்விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். பழைய தையல் இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் கருநீலமாக ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு. "தீபாவளிக்கு ஒருக்க மடிப்பை அவுத்தேன். பொங்கலுக்கு ஒருக்க. இனிமே அவுக்கத் துணி இல்ல" என்றாள், டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பதைப்பற்றிக் கவலைப்படாமல். டாக்டருக்குப் புரிந்தது. தினமும் அந்தப் பாவாடை விஜிலன்ஸ் கண் முன்னால்தான் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு ரத்தத்தின் சீட்டு வந்தது. டாக்டர் படித்துவிட்டு ரத்தினவேலிடமே நீட்டினார். நவம்பரில் எடுத்த எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றுதான். சிறுநீரகம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ரத்தினவேல் சீட்டை இரண்டு முறை படித்தார். பெயர், வயது, வார்டு எல்லாம் தம் பிள்ளையுடையதுதானா என்று பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மங்கலாகவே இருந்ததால் மறுபடி துடைத்தார்.

"உனக்கும் திட்டு இருக்கிறது" என்று டாக்டர் இந்திராணி பக்கம் திரும்பினார். "சக்கரத்தைத் திருகினாயே, ஒருநாள் நிஜமாகவே தண்ணீர் தங்கியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அம்மா கால் அமுக்கினால் போதுமா? இனிமேல் தொட்டால் நானே உன்னை இங்கே கட்டிப்போடுவேன். சமஜீ? புரிந்ததா?"

"சமஜ் கயீ."

"சாயந்திரம் என்ன செய்வாய்? விளையாடுவாயா?"

இந்திராணி அப்பாவைப் பார்த்தாள். "உட்கார்ந்திருப்பேன்."

டாக்டரும் அப்பாவைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய ஆபரேஷனை நாங்கள் இவள் உட்கார்ந்திருக்கவா செய்தோம்? வயிற்றில் அடிபடாத எந்த விளையாட்டும் விளையாடலாம். எடை வாரத்துக்கு ஒருநாள் போதும். மற்ற ஆறு நாள் நீங்கள் ஆபீஸில் யாரையாவது சந்தேகப்படுங்கள்."

எல்லோரும் எழுந்தார்கள். இந்திராணி மட்டும் நின்றாள். "மேடம், ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா? அக்டோபரிலிருந்து வராத நாளெல்லாம் ஆஸ்பத்திரிக் காரணம் என்று, ஸ்டாம்ப் வைத்து. எங்கள் டீச்சர் ஸ்டாம்ப் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார்."

"யாருடைய பெண் என்று கேட்கவே வேண்டாம்" என்று டாக்டர் காகிதத்தை எடுத்தார்.

ஆட்டோ பள்ளி வாசலில் நின்றபோது மணி பதினொன்றேகால். மத்தியான மணி அடிப்பதற்குள் வந்தால் அரைநாள் வருகை உண்டு. இந்திராணி சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். ஓடாதே, மூச்சு வாங்கும், விழுந்துவிடுவாய், வயிற்றில் படும் என்ற நான்கும் ஒரே சமயத்தில் ரத்தினவேலின் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டன. தங்கம் அவர் தொடையில் கை வைத்தாள். நான்கையும் விழுங்கினார். மகள் மைதானத்தைக் கடந்து வகுப்புக் கதவில் மறைகிறவரை பார்த்தார். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறித்தான் இருந்தது. கண்ணிருந்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் ஆபீஸுக்குப் போகும் வழியில் சப்ஜிவாலாவிடம் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். "சரியாக இருந்ததா பாபுஜி?" என்றான். "உன் கல் சரிதான்" என்றார். சொன்ன பிறகு, இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிடுவானோ என்று ஒரு கணம் தோன்றியது.

அடுத்த நாள் காலை மெஷின் துணி போர்த்திக் கட்டிலடியில் கிடந்தது. ரத்தினவேல் நோட்டில் எடைக் கட்டத்தை ஒட்டி ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டார். பிறகு இந்திராணியை அறைக்கதவின் நிலையோரம் நிறுத்தினார். பொன்னி பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அசையாம நில்லுட்டி."

"நின்னுட்டுத்தாம்ப்பா இருக்கேன்."

தலைமேல் ஹிஸ்டரி புத்தகத்தை வைத்து, நிலையில் பென்சிலால் கோடு போட்டார். டேப்பை வைத்துப் பார்த்தார். நூற்று இருபத்திரண்டரை. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு என்றார்களே. ஒரே நாளில் அரை சென்டிமீட்டரா? மூக்கு வேர்த்தது.

"குதிகாலைத் தூக்குதியா?"

"இல்லப்பா."

"தூக்குதா, தூக்குதா!" என்றாள் பொன்னி, வாய் நிறைய நுரையோடு.

இந்தச் சாட்சி ஏற்கெனவே எலி பார்த்த சாட்சி. ரத்தினவேல் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, ஜனவரிக் குளிரில் ஐஸாகக் கிடந்த சிமெண்டுத் தரையில் தொந்தி படக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, மகளின் காலுக்கடியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தங்கம் காப்பி டபராவோடு வந்தவள், நடுவழியில் கிடந்த புருஷனைத் தாண்டத் தெரியாமல் நின்றாள்.

இரண்டு குதிகாலும் தரையில்தான் இருந்தன. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.

"என்னங்க, எந்திரிக்கிய?"

"இரு," என்றார் ரத்தினவேல். "இன்னொருவாட்டி பாத்துக்கிடுதேன்."